அக்கா, மலருக்குக் கட்டுரை தரமாட்டேன்

அன்புள்ள அக்கா,

உங்கள் பணி ஓய்வு மலருக்கு நான் எழுதப்போவதில்லை. தொகுப்பவர் காரணம் கேட்டார், நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அதை நம்பமாட்டீர்கள் என்பதால்தான் இந்தக் கடிதம். தனியாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் சண்டை நாலு பேர் முன்னால் நடந்தது, மிச்சத்தை மட்டும் எதற்கு ஒளித்துவைக்க?

பெண்ணுக்கு அக்கறை பிறவியிலேயே வருகிறது என்றீர்கள், நான் எதிர்த்தேன்; சண்டையின் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அது எங்கே தொடங்கியது என்பது. கூட்டத்தில் இல்லை. மகள் பிறந்த புதிதில் பார்க்க வந்தீர்களே, அன்று.

அவள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். என் கணவர் அவளைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டியபடி அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். நீங்கள் எழுந்துபோய்க் குழந்தையை வாங்கி என் மடியில் வைத்தீர்கள். "அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை அக்கா. தையல் இழுத்தது, கண் சொக்கியது. பால் குடித்து முடித்தவள் ஏன் அழுகிறாள் என்பது அவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும். அவள் இன்னும் உரக்க அழுதாள். அவர் கை ஒரு நொடி அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் பின்னால் நகர்ந்து கதவோரம் நின்றுகொண்டார், விருந்தாளி மாதிரி. அங்கிருந்து அவரைத் திரும்ப அழைத்துவர நான் பட்ட பாட்டை இங்கே எழுதமாட்டேன். இதை அவரும் படிப்பார், அவர் வீட்டாரும் படிப்பார்கள்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? உளவியலாளர் கோல்பர்க் சிறுவர்களை மட்டும் ஆராய்ந்து ஒழுக்க வளர்ச்சிக்கு ஏணி கட்டியதையும், அந்த அளவுகோலே கோணல் என்று 1982இல் இன்னொரு உளவியலாளர் கேரல் கில்லிகன் எழுதியதையும் வகுப்பில் நீங்கள் விளக்கியபோது எனக்குக் கண் கலங்கியது. உறவையும் அக்கறையையும் வைத்து யோசிப்பது அறிவுக்குறைவு இல்லை என்றீர்கள். என் அம்மா முட்டாள் இல்லை என்று முதன்முதலாக ஒருவர் சொன்னதுபோல இருந்தது. அந்த நன்றி இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இந்த வித்தியாசம் பிறப்பிலேயே வருகிறது என்று கில்லிகன் சொல்லவில்லை. அந்த ஒரு படியைத் தாண்டியது நீங்கள்.

அதுவும் சியர்ஸ் வழக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்த நீங்கள்! அந்த அமெரிக்க நிறுவனத்தில் நல்ல வருமானம் தந்த கமிஷன் விற்பனை வேலைகள் பெரும்பாலும் ஆண்களுக்கே போயின. அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. பெண்களுக்கே அந்தப் போட்டி வேலையில் ஆர்வம் குறைவு என்றது நிறுவனம். பெண்களின் விருப்பங்கள் வேறு என்று அதன் பக்கம் சாட்சி சொன்னவர் ரோசலிண்ட் ரோசன்பெர்க், அவரே ஒரு பெண்ணிய வரலாற்றாசிரியர். எதிர்ப்பக்கம் ஆலிஸ் கெஸ்லர்-ஹாரிஸ். 1986இல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. ரோசன்பெர்க் இயற்கையைக்கூடத் துணைக்கு இழுக்கவில்லை, வளர்ப்பையும் வரலாற்றையும்தான் சொன்னார். அதற்கே அந்தக் கதி. அப்படியிருக்க, இயற்கை என்றே சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கூட்டத்தில் நான் கேட்டதும் இதைத்தான். குரலை உயர்த்தியதற்கு மன்னித்துவிடுங்கள். கேள்வியை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

வித்தியாசமே இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. பெற்றவளிடம் போய் உடம்பு ஒன்றுமில்லை என்று யார் சொல்வது? ஆனால் உடம்பும் சும்மா இருப்பதில்லை. பிலிப்பைன்ஸில் இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. தந்தையானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கணிசமாகக் குறைந்திருந்தது. தினமும் பிள்ளையை அதிக நேரம் கவனித்துக்கொண்டவர்களிடம் இன்னும் குறைவு. இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது கதவோரம் நின்றவர்தான். கையில் பிள்ளையே இல்லாதவனிடம் எந்த இயற்கையைத் தேடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். நம் துறையில் அழுதுகொண்டு வரும் மாணவர்களை உட்காரவைத்துப் பேசியது எல்லாம் நாம்தான். "நமக்கு இயல்பாக வருகிறது" என்று பெருமையாகச் சொல்வீர்கள். இயல்பாக வருவதற்கு எவன் மதிப்பெண் போடுவான்? பதவி உயர்வு அந்த நேரத்தில் கட்டுரை எழுதியவர்களுக்குப் போனது. உங்களுக்கும் வரவில்லை. அதற்காக உங்களைவிட அதிகம் கொதித்தவள் நான். நீங்களோ சிரித்துக்கொண்டே வாழ்த்துச் சொல்லப் போனீர்கள். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த கருத்தரங்கில் உங்களை மறுத்துத்தான் பேசப்போகிறேன். கட்டாயம் வாருங்கள். ஆனால் முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.