சிங்க்குக் கீழே பெட்டி வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று நான் "பிளைவுட்" என்று வாயெடுத்ததுமே உன் அம்மா போனை வாங்கி, பேரனுக்குச் சளி விட்டதா, ரசத்தில் மிளகு தூக்கலாகப் போட்டாயா என்று ஆரம்பித்துவிட்டாள். அதோடு என் பேச்சு முடிந்தது. எழுதினால் குறுக்கே யாரும் வர முடியாது.

உன் அடுப்படிக்குப் பெட்டியும் கதவும் போட நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. பளபளவென்று அக்ரிலிக் கதவு, மூலையில் சுழலும் தட்டு, கண்ணாடிக் கதவுக்குள் விளக்கு. மொத்தம் 3,42,000 ரூபாய். வீட்டுக்கடன் போக உன் கையில் இருப்பது 1,60,000 என்று நீயே சொன்னாய். மீதியைத் தவணையில் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கடைப்பையன் சொன்னானாம். சொல்வான். கட்டப்போவது அவன் இல்லையே.

நான் இருபத்தெட்டு வருடம் பிளைவுட் கடைக் கவுண்டரில் நின்றவன். கேரளாவில் பெரும்பாவூரிலிருந்து லோடு வந்து இறங்கினால், ஷீட்டின் ஓரத்தைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்கிற அளவுக்குப் பழக்கம். அப்படிப்பட்டவன் வீட்டு அடுப்படி என்ன லட்சணத்தில் இருந்தது என்பது உனக்குத் தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய்.

2011-ல் நம் வீட்டு மேடைக்குக் கீழே பெட்டியும் கதவும் போட்டேன் அல்லவா? கடையில் வெட்டி மிச்சப்பட்ட பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை கலந்து இறுக்கிய பலகை, கொஞ்சம் கிடந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை லேமினேட் ஒட்டியே வருவது, பார்த்தால் புத்தம் புதுசாக இருக்கும். பாதி விலைக்குக் கொடுத்தார்கள். அதை எடுத்து வந்து சிங்க்குக் கீழே போட்டுவிட்டேன். வெளிக்கதவுக்கு மட்டும் நல்ல பிளைவுட், தேக்கு டிசைன் மைக்கா. வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். ஒரு நாள் தேங்காய்த் துருவியை எடுக்கக் குனிந்தவன், அடிப்பலகையில் விரலை ஊன்றினேன். காபியில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போயிற்று. ஓரமெல்லாம் உப்பி, மேலே இருந்த லேமினேட் தனியாகப் பிதுங்கி நின்றது. பலகை தொங்கிவிடாமல் இருக்க அடியில் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. உன் அம்மா வைத்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடியே" என்றாள். ஊருக்கெல்லாம் பலகை விற்கிற மனுஷனிடம் இதைப் போய் என்னவென்று சொல்வது என்று சும்மா இருந்திருக்கிறாள்.

அதனால் முதலில் சொல்வது இதுதான். சிங்க்குக் கீழே உனக்குப் பெட்டியே வேண்டாம்.

உன் வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பில்டர் ஏற்கெனவே கறுப்பு கிரானைட் மேடை போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைத் தாங்கக் கீழே கடப்பாக்கல் தடுப்புகள் நிற்கின்றன. அந்தக் கடைக்காரர்கள் அதையெல்லாம் உடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகக் குவார்ட்ஸ் போடச் சொல்கிறார்கள். எதற்கு? குவார்ட்ஸ் என்பது கல் தூளை ரெசின் கலந்து இறுக்கியது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைத்தால் தடம் விழும். கிரானைட் நம் வீட்டுப் பழக்கத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். கல் இருக்கட்டும். சிங்க் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கடப்பாக்கல், கீழே தரை டைல்ஸ், முன்னால் ஒரு சட்டம் அடித்துக் கதவு மட்டும். தண்ணீர் ஒழுகினால் டைல்ஸில் ஓடி வெளியே வந்து கண்ணில் படும். பலகைப் பெட்டியாக இருந்தால் பலகைதான் குடிக்கும்.

மற்ற இடத்துக்குப் பெட்டி வேண்டும். அங்கேதான் பிளைவுட் பேச்சு வருகிறது. கடையில் "வாட்டர்புரூஃப்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வார்த்தையை நம்பாதே. ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார். 710 என்றிருந்தால் அது பி.டபிள்யூ.பி., கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும் ரகம், கடைக்காரர்கள் மரைன் பிளை என்பது. 303 என்று போட்டு எம்.ஆர். என்றிருந்தால் அது கமர்ஷியல். ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. வித்தியாசம் பசையில் இருக்கிறது. 710-க்கு ஃபீனால் பசை, ஓரத்தில் பார்த்தால் அடுக்குகளுக்கு நடுவே கருஞ்சிவப்புக் கோடு தெரியும். அந்தப் பிளையை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் அடுக்கு பிரியக்கூடாது என்பது கணக்கு. நான் கடையில் இருந்தபோது சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து பழைய இட்லிப் பானையில் போட்டு ராத்திரி முழுக்க வேகவைப்பேன். வீடெல்லாம் மரப்பட்டை நாற்றம் என்று உன் அம்மா திட்டுவாள். காலையில் பிரிந்து பூப்போல விரிந்து கிடந்த "வாட்டர்புரூஃப்" துண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கீழ்ப்பெட்டிக்கு 18 எம்.எம். 710. மேல்பெட்டியில் தண்ணீர் படாது, அதற்குக் கமர்ஷியலே போதும். கதவுக்கு எச்.டி.எச்.எம்.ஆர். என்கிற, மரநாரை இறுக்கிச் செய்த போர்டு போடலாமா என்று கேட்டாய். அது பரவாயில்லை, பிளைவுட் வளைகிற மாதிரி அது வளையாது, நேராக நிற்கும். மேலே அக்ரிலிக் வேண்டாம். ஆறு மாதத்தில் கீறல் தெரியும், போதாததற்கு உன் பிள்ளை வேறு பொம்மைக் காரை எல்லாக் கதவிலும் ஓட்டுகிறான். 1 எம்.எம். மேட் மைக்கா போடு. எண்ணெய்க் கை பட்டாலும் துடைத்தால் போய்விடும். நிறத்தில் நான் தலையிடவில்லை. வெள்ளை மட்டும் வேண்டாம், மஞ்சள் தூள் இருக்கிற வீடு.

இப்போது உன் அம்மா சொன்னது. நான் இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஐந்து லிட்டர் குக்கர், விசில் குண்டோடு சேர்த்து 9 அங்குலம். இட்லிப் பானை மூடியோடு 11. எவர்சில்வர் சம்படம் பெரியது 8. அஞ்சறைப்பெட்டி 3. டம்ளர் 4, சொம்பு 6. "டிராயர் போடுகிறவன் இதில் எதையாவது அளந்தானா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவர்கள் படத்தில் எல்லா டிராயரும் ஒரே உயரம். உன் குக்கரைப் படுக்கவைத்தால்தான் உள்ளே போகும்.

அதனால் நாளைக்கே உன் பாத்திரங்களைத் தரையில் பரப்பி உயரவாரியாகப் பிரித்து அடுக்கு. அடுப்புக்கு வலப்பக்கம் மூன்று டிராயர்: மேலே கரண்டிக்கும் அஞ்சறைப்பெட்டிக்கும் நாலு அங்குலம், நடுவில் டம்ளர் கிண்ணத்துக்கு ஆறு, அடியில் குக்கருக்கும் சம்படத்துக்கும் தாராளமாக. இடப்பக்கம் தட்டுகளுக்கு ஒன்று. அவ்வளவுதான், நாலு டிராயர். மீதியெல்லாம் சாதாரண அலமாரித் தட்டும் கதவும். மூலையில் சுழலும் தட்டு மட்டும் 19,000 போட்டிருக்கிறான், அடித்துவிடு. அந்த மூலைக்குள் வருடத்துக்கு இரண்டு தடவை எடுக்கிற அண்டா, முறுக்கு உழக்கு எல்லாம் போகட்டும். மூலைக்கு மேலே, மேடையில், கிரைண்டர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், உன் படம் வரைந்த பையன் அதற்கு ஒரு சாண் இடம் கொடுக்கவில்லை! அதைத் தினமும் தூக்கி உள்ளே வைத்து எடுப்பது உன் முதுகுக்கு ஆகாது. மூலையிலேயே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட்.

பாயிண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்டி மாட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மிக்ஸி, கிரைண்டருக்கு 6 ஆம்ப், ஓவன், இண்டக்‌ஷனுக்கு 16 ஆம்ப், சிம்னிக்கு மேலே ஒன்று, தண்ணீர் ஃபில்ட்டருக்கு ஒன்று. பிறகு டைல்ஸை உடைத்தால் இரட்டைச் செலவு.

கணக்குக்கு வருவோம். பெட்டி வேலைக்குச் சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்றால் எதைச் சதுர அடி என்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சிலர் முன்பக்கக் கதவை அளப்பார்கள், சிலர் பெட்டியின் உள்பலகைகளையும் கூட்டி அளப்பார்கள். ரேட் குறைவாகத் தெரியும், பில் எகிறும். முன்பக்க அளவு என்று எழுதி வாங்கிக்கொள். உன் அடுப்படி 9-க்கு 7, எல் வடிவம். மூலையை ஒரு தடவைதான் எண்ண வேண்டும், அப்போது கீழே 14 அடி நீளம், இரண்டரை அடி உயரம், 35 சதுர அடி. மேலே 7 அடிக்கு 2, அது 14. ஆக 49 சதுர அடி, 73,500 ரூபாய். சிங்க்குக் கீழே பெட்டி இல்லாததற்குக் குறைத்துக் கேள், தராவிட்டால் போகட்டும். பரணுக்குக் கான்கிரீட் இருக்கிறது, கதவு மட்டும் போதும்: 18 சதுர அடி, 550 ரேட்டில் 9,900. கீல், டிராயர் ஓடுகிற சேனல், கூடைக்கு 28,000 வை. கூட்டினால் 1,11,400. ஜிஎஸ்டி 18 சதவீதம் 20,052. மொத்தம் 1,31,452. கையில் 28,500 மிஞ்சும். அதில் சிங்க், குழாய், எலக்ட்ரீஷியன் கூலி. சிம்னியை இப்போது வாங்காதே. சுவரில் ஓட்டையும் பாயிண்டும் மட்டும் விட்டு வை, ஆடித் தள்ளுபடியில் பார்த்துக்கொள்ளலாம். குழாய் வெளியே போக வழி இல்லாமல் மாட்டும் சிம்னி வெறும் விசிறிதான்.

அந்த 28,000-ல் மட்டும் கை வைக்காதே. கதவை ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடுவாய். அடிபடுவது கீலும் சேனலும்தான். ஹெட்டிக், எப்கோ மாதிரி பெயருள்ளதாக வாங்கி, அந்தப் பெயரும் மாடலும் கொட்டேஷனில் இருக்கிறதா என்று பார். "பிராண்டட் ஹார்ட்வேர்" என்று மொட்டையாக எழுதினால் கையெழுத்துப் போடாதே. கூடைக்கு 304 கிரேடு எவர்சில்வர். சென்னை உப்புக்காற்றுக்கு மற்றது துரு ஏறிவிடும். காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் சார் என்று காட்டுவார்கள். 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதச் சொல், அதுதான் சாட்சி.

மாப்பிள்ளை ஆறடி உயரம், ஞாயிற்றுக்கிழமை தோசை அவர் பொறுப்பு என்று சொன்னாய். முழங்கையை மடக்கி நின்றால் மேடை அதற்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். 33 அங்குல மேடை உனக்குச் சரி, அவர் குனியத்தான் வேண்டும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மேல்பெட்டி ஆழம் 12 அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள், அவர் நெற்றிக்காக. மேடைக்கும் அதற்கும் நடுவில் 24 அங்குலம் இடைவெளி.

பணத்தைப் பாதி முன்பணம், சாமான் வந்து இறங்கியதும் இன்னொரு பங்கு என்று கொடு. கடைசிப் பத்து சதவீதத்தை மட்டும் விடாமல் பிடித்து வை. எல்லாம் மாட்டி முடிந்ததும் சிங்க்குக் கீழே தரையில் செய்தித்தாளை விரி. சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் அடைப்பை எடுத்துவிடு. தாளில் ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் பிளம்பர் வரட்டும். இதை நாலு நாள் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடு.

சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பிளைவுட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்த ஷோரூம் கொடுத்த துண்டையும் அங்கே வாங்கும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். டேப், ஸ்க்ரூ டிரைவர், அம்மாவின் அளவுச் சீட்டு எல்லாம் பையில் வைத்தாயிற்று. பழைய இட்லிப் பானையையும் எடுத்து வருகிறேன். அது பலகை வேகவைக்கத்தான். சம்பந்தியம்மா அதில் மாவு ஊற்றிவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வை.

அன்புடன்,
அப்பா