வேற்றுக்கோளினரை நம் மண்ணில் குடியமர்த்தும் கொங்கு நாட்டு எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல் புனைகதையாளர்களுக்கு வணக்கம்.

தன் கோளை இழந்த ஓர் இனம் சத்தியமங்கலத்துக்கோ காங்கேயத்துக்கோ வந்திறங்குவதாகக் கதை எழுத முனையும் ஒவ்வொருவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். விண்கலம் இறங்கும் காட்சிக்குப் பக்கம் பக்கமாக உழைக்கிறோம். அவர்களை எங்கே, எந்தச் சட்டத்தின்கீழ், யாரைக் கேட்டுக் குடியமர்த்தினார்கள் என்பதை மட்டும் ஓர் அரசாணையின் ஒற்றை வரியில் கடந்துவிடுகிறோம். வந்தவர்கள் ‘அந்த இடம் எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்ல வழியிருந்ததா என்பதே கதையின் மையக் கேள்வியாக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

2009இல் வெளிவந்த ‘டிஸ்டிரிக்ட் 9’ திரைப்படத்தில், ஜோகன்னஸ்பர்க் முகாமிலிருந்து வேற்றுக்கோளினரை அகற்ற வரும் நிறுவன ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வெளியேற்ற அறிவிப்பில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மறுக்க முடியாதவரிடம் வாங்கும் அந்தக் கையெழுத்து, துப்பாக்கிச் சூட்டைவிட அதிகமாக என்னைக் கலங்க வைத்தது. கேப் டவுனின் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் வெள்ளையருக்கென்று அறிவித்து, 60,000க்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்திய வரலாறு அந்தக் கற்பனைக்குப் பின்னால் நிற்கிறது.

நமக்கான வரலாறு பவானிசாகரில் இருக்கிறது. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்துக்குள் டணாய்க்கன்கோட்டை என்ற ஊர் மூழ்கியது. நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் அங்கிருந்த பழைய கோயில் வெளியே தெரிகிறது. அதே பவானிசாகரில்தான் இலங்கைத் தமிழர்களுக்கான முகாமும் அமைந்தது. ஓர் ஊரார் வெளியேறிய நிலத்தின் ஓரத்தில், நாட்டையே விட்டு வந்தவர்கள் தங்க வைக்கப்பட்டார்கள். இதைவிடச் செறிவான கதைக்களத்தை வேறு கோளில் தேட வேண்டுமா?

சட்டத்தையும் கதைக்குள் கொண்டு வாருங்கள். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரும், அரசு தனியார் கூட்டுத் திட்டமென்றால் 70 விழுக்காட்டினரும் ஒப்புதல் தர வேண்டும். அரசு தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும்போது இந்த ஒப்புதல் கட்டாயமில்லை. வேற்றுக்கோளினரின் குடியிருப்புக்கென நம் உழவரின் புஞ்சையை எடுத்தால் எந்தப் பிரிவு பொருந்தும்? அச்சட்டம் குடும்பத்தை அலகாகக் கொண்டு கணக்கிடுகிறது. வயதுவந்த ஒவ்வொருவரையும் தனிக் குடும்பமாக ஏற்கிறது. நூறு பேர் சேர்ந்து ஒரே முட்டைத் திரளை வளர்க்கும் இனத்தில் வீட்டுமனைப் பட்டா யார் பெயரில் எழுதப்படும்? வட்டாட்சியர் அலுவலகத்தில் இந்தக் கேள்வி எழும் ஒரு பக்கம், விண்கலப் போரைவிட ஆழமாக அவர்களை நமக்கு அறிமுகம் செய்யும்.

பிறப்பையும் யோசியுங்கள். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தாக வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. முகாமில் பிறந்து, கொங்குத் தமிழ் மட்டுமே பேசும் மூன்றாம் தலைமுறை வேற்றுக்கோள் பிள்ளைக்கு இந்த விதி என்ன பதில் தரும்?

ஏற்கும் ஊராரையும் வெறும் கூச்சலிடும் கூட்டமாக எழுதாதீர்கள். பவானிசாகர் அணை நீரை நம்பியிருக்கும் கீழ்பவானி ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, சுமார் 2,07,000 ஏக்கர். தண்ணீர் போதாமையால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என முறை பிரித்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறுபாதிக்குப் புஞ்சைப் பயிருக்கும் மாற்றி மாற்றிப் பாசனம் நடக்கிறது. இந்த முறைக்குள் புதிதாக ஓர் இனம் வந்தால் யாருடைய பங்கு குறையும் என்று ஓர் உழவர் கேட்பது நியாயமான கேள்வி. அதை வெறுப்பென்று ஒதுக்கிவிட்டால், உண்மையான வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கதையால் காட்டவே இயலாது.

ஆகவே என் கோரிக்கை இது: உங்கள் அடுத்த கதையில் ஒரு கிராம சபைக் கூட்டத்தை முழுமையாக எழுதுங்கள். உழவரும், முகாமில் வளர்ந்தவரும், அணையால் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பேத்தியும், வேற்றுக்கோளினரும் அங்கே பேசட்டும். வேற்றுக்கோளினர் தங்களுக்குக் காட்டப்பட்ட இடத்தை மறுக்கட்டும். அந்த மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்தாக வேண்டிய நிலை மாவட்ட நிர்வாகத்துக்கு ஏற்படட்டும்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையத்திலிருந்து உங்கள் வாசகர் ஒருவர்