தங்கம் விலைக்குப் பக்கத்தில் கொப்பரை விலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தொழில் பக்கத்தில் 'நோக்கத்தோடு தொழில் செய்யுங்கள், விழுமியங்களை விட்டுவிடாதீர்கள்' என்று பெரிய கம்பெனிக்காரர்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். நல்ல விஷயம்தான். ஆனால் காங்கேயம் பக்கத்தில் மூன்று செக்கும் நாலு ஆட்களும் வைத்து எண்ணெய் ஆட்டி விற்கிற எனக்கு, அந்தப் பெரிய வார்த்தைகள் எல்லாம் கடைசியில் ஒரு கணக்கில்தான் வந்து நிற்கின்றன. அந்தக் கணக்கைச் சொல்லி, உங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கவே எழுதுகிறேன்.

மரச்செக்கில் ஒரு லிட்டர் நிலக்கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 325 ரூபாய் ஆயிற்று. பிண்ணாக்கு ஒன்றரை கிலோ மிஞ்சும், மாட்டுக்காரர்கள் செக்குப் பிண்ணாக்கு என்றால் தேடி வந்து வாங்குவார்கள், அதில் ஒரு 70 ரூபாய் திரும்பி வரும் (இதை நிறைய செக்குக்காரர்கள் வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்). மீதி 255. இதற்கு மேல்தான் கூலி, கரண்ட் பில், பாட்டில், வாடகை, கசடு இறங்குவதில் போகிற நஷ்டம் எல்லாம். அப்படியிருக்க இரண்டு தெரு தள்ளி 'சுத்தமான மரச்செக்கு கடலை எண்ணெய் லிட்டர் 190' என்று போர்டு தொங்குகிறது. அந்த பாட்டிலில் கடலை எவ்வளவு, பாமாயில் எவ்வளவு என்று யாராவது கேட்கிறார்களா? கலப்பு எண்ணெய் விற்பது சட்டப்படி தப்பில்லை. கலப்பு என்று லேபிளில் எழுதி, அதற்கான விதிப்படி விற்க வேண்டும், அவ்வளவுதான். எழுதாமல் விற்பதுதான் திருட்டு.

எனக்கும் அந்தச் சபலம் வராமல் இல்லை. 2025-இல் எண்ணெய் ஆட்டுகிற அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை கிலோ சுமார் 116 ரூபாய், அந்த வருஷம் நடுவிலேயே ஏலத்தில் 200-ஐத் தாண்டி ஓடியது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு கிலோ அறுநூறு கிராம் கொப்பரை போகும். நேற்றுவரை 240-க்கு வாங்கிய அம்மாவிடம் இன்றைக்கு 400 என்று எந்த வாயால் சொல்வது? அந்த மாதத்தில்தான் ஒரு சமையல் காண்ட்ராக்டர் வந்தார். கல்யாண ஆர்டர், 200 லிட்டர். "ரேட் பாத்துப் போடுங்க, கொஞ்சம் கலந்துக்குங்க, சாப்பிடறவனுக்கு என்னங்க தெரியப் போகுது" என்றார். வேண்டாங்க என்று அனுப்பிவிட்டேன். அந்த மாதச் சம்பளத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டி வந்தது, வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. அந்தக் காண்ட்ராக்டர் அதற்கப்புறம் வரவே இல்லை. 'நேர்மையாக இருந்தால் வாடிக்கையாளர் பெருகுவார்' என்று உங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு நாளைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாம்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. கொப்பரை வாங்கிய பில்லை ஒவ்வொரு வாரமும் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்ட ஆரம்பித்தேன். விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு அதைக் காட்டுவேன். பாதிப் பேர் அரை லிட்டராகக் குறைத்துக்கொண்டார்கள், சிலர் பாக்கெட் எண்ணெய்க்குப் போனார்கள், சரி என்று விட்டுவிட்டேன்.

கொப்பரையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மழைக்காலத்தில் உலர்களத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், கிட்டே போய் முகர்ந்தால் தீக்குச்சி உரசிய வாடை மூக்கில் ஏறும். கந்தகம் போடாத கொப்பரை கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், சீக்கிரம் கெடும், விலையும் அதிகம். கடைக்கு வருகிறவர்கள் அந்த மங்கலைப் பார்த்து "பழைய சரக்கா?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது.

நான் ஒன்றும் யோக்கிய சிகாமணி இல்லை. போன வருஷம் ஒரு தடவை பருப்பு மூட்டை ஈரம் பட்டு வந்தது. காய வைத்தால் சரியாகிவிடும் என்று நானே சொல்லி ஆட்ட வைத்தேன். செக்கில் நிற்கிற அண்ணன் ஒரு பருப்பை உடைத்து, உள்ளே பச்சையாகப் பூத்திருந்ததைக் காட்டி, "இது வேண்டாமுங்க" என்றார். கேட்கவில்லை. பதினோரு பாட்டில் விற்ற பிறகு நானே வீட்டில் தாளித்துப் பார்த்தேன், கசந்தது. அன்றைக்கு ராத்திரியே வாங்கினவர்களுக்கு போன் போட்டுத் திருப்பி எடுத்தேன், ஒன்பது பாட்டில்தான் வந்தது. மீதி இரண்டு பேர் யார் என்று இன்றைக்கும் தெரியாது. இப்போது மூட்டையைப் பிரித்துப் பார்த்து 'ஆட்டலாம்' என்று அந்த அண்ணன் சொன்னால்தான் செக்கு ஓடும், அதில் நான் தலையிடுவதில்லை.

இங்கே எங்கள் செக்குக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ரீஃபைண்ட் எண்ணெய் விஷம், செக்கு எண்ணெய் குடித்தால் சர்க்கரை நோய் போகும்' என்று வாட்ஸ்அப்பில் போட்டு வியாபாரம் பிடிப்பதும் கலப்படம்தான். பூஞ்சை பிடித்த கடலையில் இருக்கிற நச்சு சுத்திகரிப்பில் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது, நம் செக்கில் அதில் ஒரு பகுதி எண்ணெயோடு சேர்ந்தே வந்துவிடும். அதனால் நாம்தான் பருப்பைக் கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டும். வாடிக்கையாளரை மிரட்டி விற்க நமக்கு என்ன யோக்கியதை? 'மரச்செக்கு' என்று வெளியே எழுதிவிட்டு உள்ளே இரும்பு ரோட்டரி மெஷினில் எண்ணெய் ஆட்டுகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். தங்கம் பவுனுக்கு எவ்வளவு ஏறியது என்று தினமும் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். தங்கத்தை வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குகிறவர்கள்கூட எண்ணெயை மாதா மாதம் வாங்குகிறார்கள். காங்கேயம், வெள்ளகோவில், அவல்பூந்துறையில் கொப்பரை, சேவூரில் நிலக்கடலை, சிவகிரியில் எள் என்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஏலம் நடக்கிறது, போன ரேட்டைக் கேட்டால் சொல்வார்கள். அதை வாரம் ஒரு முறை போட்டு, கீழே 'ஒரு லிட்டருக்கு நிலக்கடலைப் பருப்பு இரண்டரை கிலோ, கொப்பரை 1.6 கிலோ' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வீட்டில் இருக்கிறவர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்கள். முடிந்தால் இன்னொரு வரி: ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம் நிற்கும், 800 கிராம் பாக்கெட்டும் பார்வைக்கு அதே அளவுதான் இருக்கும்.

இதைப் போட்டால் என் விலையும் மாட்டும் என்று எனக்குத் தெரியும். கொப்பரை இறங்கிய பிறகும் நான் பழைய விலையையே பிடித்துக்கொண்டிருந்தால், பேப்பரைக் கையில் கொண்டுவந்து கேட்கட்டும். எந்தப் பக்கத்தில் போட்டாலும் சரி, நாலு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
செக்கு எண்ணெய் வியாபாரி,
காங்கேயம்