பவளம் செடி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடா பற்றிய உங்கள் கட்டுரையில், படத்துக்குக் கீழே பவளத்தைக் ‘கடல் செடி’ என்று போட்டிருந்தீர்கள். அது பிராணி. ஜெல்லி மீனுக்கு உறவு.

குழாய் மாதிரி குட்டி உடம்பு, மேலே ஒரு வாய், சுற்றிலும் உணர்கொம்புகள். கடல்நீரில் இருக்கும் கால்சியத்தை இழுத்துத் தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்ளும். உயிர் போனாலும் கிண்ணம் இருக்கும். அதன்மேல் அடுத்த தலைமுறை குடியேறும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படிச் சேர்ந்ததுதான் பவளப்பாறை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. அதன் திசுக்களுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்து, குடியிருக்க இடம் தந்த பவளத்துக்கும் பங்கு கொடுப்பது அந்தப் பாசிதான். (வாடகை ஒழுங்காக வரும் வீடு!) அதனால்தான் வெளிச்சம் எட்டும் தெளிந்த, ஆழமில்லாத நீரில் இந்தப் பாறைகள் நன்றாக வளர்கின்றன. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 இரண்டு ஆண்டுகளிலும் அப்படி நடந்தது.

சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி எடுத்த காலமும் உண்டு. அங்குள்ள 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று நீருக்கடியில். பவளத்தை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சட்டத்துக்கே அது விலங்குதான். சரி, படக்குறிப்பைத் திருத்தி ஒரு வரி போடுங்களேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ராமநாதபுரம்