மாலைக்கண் எல்லாம் சத்துக்குறைவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

திருக்கடலூரிலிருந்து இரவுத்தொழிலுக்குப் போய்வந்த என் அண்ணருக்கு, இருட்டினால் வள்ளமே தெரியாமல் போனது. மீனெண்ணெயும் பொன்னாங்கண்ணியும் கொடுத்தே இரண்டு வருடத்தைக் கழித்தோம். விற்றமின் ஏ குறைவென்றால் குணமாகியிருக்கும். அவருக்கோ பரம்பரை விழித்திரைச் சிதைவு.

மங்கிய ஒளியைப் பிடிப்பது விழித்திரையின் கோல் கலங்களிலுள்ள ரொடொப்சின் என்ற புரதம். அதன் மரபணுவில் சில பிழைகள் இருந்தால் புரதம் சரியாக மடியாது. கலங்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகும். இப்பிழை 1990இலேயே கண்டறியப்பட்டது. ஆர்பிஈ65 என்ற இன்னொரு புரதம் பழுதானவர்களுக்கு 2017இல் அமெரிக்கா மரபணுச் சிகிச்சையையே அனுமதித்தது. எந்தப் புரதம் என்று தெரிந்தால்தானே வழி பிறக்கும்?

பெற்றோரே, எண்ணெயோடு நிற்காமல் பிள்ளைகளின் விழித்திரையைப் பரிசோதியுங்கள். அண்ணரின் மகனுக்கு ஒன்பது வயது. அடுத்த கிழமை நானே கூட்டிப்போகிறேன்.

வாசகி,
திருகோணமலை