லுவார் கரையிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்குமே பெரிய சந்தோஷம். சர்க்கரை குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். ஆனால் சாயங்கால ஜிலேபி என்ன ஆயிற்று என்று மூச்சே விடவில்லையே?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "சைக்கிளில் வருகிறவர்களை நம்பியா மாடி ரூமை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். ஆமாம்டி, அவர்களை நம்பித்தான். இங்கே பிரான்சில் லுவார் ஆற்றை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. நெவேர் பக்கத்தில் தொடங்கி, ஓர்லேயான், தூர், சோமூர், நாந்த் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு கடல் வரை 900 கி.மீ. போகிறது. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் ஐரோப்பியப் பாதையில் இதன் பெரும்பகுதியும் சேர்த்தி. எங்கள் ஊர் சவோனியேர், தூர் நகரத்துக்கு மேற்கே, லுவாரில் போய்ச் சேரும் ஷேர் ஆற்றங்கரையில் இருக்கிறது. பாதை அந்தக் கரை வழியாகத்தான் வருகிறது.

அடுத்த ஊர் வில்லாந்திரியில் பெரிய அரண்மனைத் தோட்டம் உண்டு. காரில் வருகிறவர்கள் அதைச் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு காப்பி குடித்தால் அதிகம். சைக்கிளில் வருகிறவர்கள் அப்படி இல்லை. நாளுக்கு ஐம்பது அறுபது கி.மீ. மிதித்தால் எங்கே இருட்டுகிறதோ அங்கேதான் படுக்கை. கேரியர் பையில் இரண்டு நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வர முடியாதே! காலையில் எங்கள் ரொட்டிக் கடை வாசலில் பார்க்க வேண்டும், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் நிற்பார்கள். பசி என்றால் அப்படி ஒரு பசி. ஒரு நாள் டச்சுத் தம்பதி ஒன்றுக்கு ரவா உப்புமா வைத்தேன். பாத்திரத்தைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, அது என்ன தானியம் என்று கேட்டார்கள்.

இங்கே 'அக்கேய் வேலோ' என்று ஒரு முத்திரை தருகிறார்கள். சைக்கிள்காரர்களை நன்றாகக் கவனிக்கும் இடம் என்று அர்த்தம். வீடு பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் வேண்டும், பஞ்சர் ஒட்டச் சாமான் வேண்டும் என்று ஒரு பட்டியல். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஒரே ஒரு ராத்திரி தங்க வந்தாலும் இடம் கொடுக்க வேண்டும் என்பது. ஜூலை, ஆகஸ்டில் பல வீட்டுக்காரர்கள் வாரக் கணக்கில்தான் விடுவார்கள். நாளைக்கே அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவன் ஒரு வாரத்துக்கு வாடகை கட்டி என்ன செய்வான்? இந்த ஒரு விதி இல்லையென்றால் 900 கி.மீ. தார் போட்டும் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி.

தூர் நகரமும் சும்மா இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மூட்டையைப் பூட்டி வைக்கப் பெட்டிகள், சைக்கிளைச் சரிபார்க்கக் கருவிகள் என்று ஓர் இடத்தை ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் எந்த நகரமும் தன் எல்லைக்குள் மட்டும் அழகு பண்ணிக்கொண்டால் காசு வராது. நடுவில் இரண்டு கி.மீ. லாரி ரோடு வந்தாலும் போதும், குழந்தைகளோடு வருகிறவர்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் சோந்தர், பெயி தெ லா லுவார் என்ற இரண்டு மாநிலங்களும் தொண்ணூறுகளில் கைகோத்து இந்தப் பாதையைத் தொடங்கின. எல்லா ஊருக்கும் ஒரே பெயர்ப்பலகை, ஒரே வரைபடம். ஊர்ச்சண்டை இங்கேயும் உண்டு, ஆனால் பலகையில் தெரியாது.

எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதே. கரையில் நாயோடு நடக்கிற பெரியவர்கள், பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் பேட்டரி சைக்கிள்களைத் திட்டித் தீர்க்கிறார்கள். நியாயம்தான், நானே இரண்டு தடவை துள்ளிக் குதித்திருக்கிறேன். ஆறு பொங்கினால் தாழ்வான பாதைகளை மூடிவிடுவார்கள். ஓர்லேயானிலிருந்து கீழே பல இடங்களில் பாதை போவது வெள்ளத்துக்காகப் பழைய காலத்தில் எழுப்பிய கரைமேல்தான். அந்தக் கரைகளையே 1856 வெள்ளம் பல இடங்களில் உடைத்துவிட்டது. கோடையிலோ அதே ஆற்றில் மணல் திட்டு திட்டாகக் கிடக்கும். கரையில் பல இடங்களில் நிழலும் கிடையாது.

காவிரிக் கரையில் மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை இப்படி ஒன்று போடலாமே என்கிறாய். போடலாம். கரை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் முதலில் பத்துப் பதினைந்து கி.மீ.க்கு ஒரு சுத்தமான கழிப்பறையும் குடிதண்ணீரும் வை, தார் அப்புறம் பார்க்கலாம். பெண்கள் துணிந்து வருவார்களா என்பது அதில்தான் இருக்கிறது.

நீ செப்டம்பரில் வா. வெயில் தணிந்திருக்கும், திராட்சை அறுவடையும் நடக்கும். நீ மிதிக்க மாட்டாய் என்று தெரியும், பேட்டரி சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. முட்டி வலித்தால் சைக்கிளோடு ரயிலில் ஏறித் திரும்பிவிடலாம். விசாவுக்கு இப்போதே எழுதிப் போடு. அழைப்புக் கடிதத்துக்கு உன் பாஸ்போர்ட் நகல் வேண்டும், மறக்காமல் அனுப்பு. வரும்போது சாம்பார் பொடி ஒரு கிலோவாவது கொண்டு வா, இங்கே என் கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
மேரி