போன் அவன் கையில் ஏறுமுன்

தங்கச்சிமடம்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகமறிய ஆவல். பெரியவனுக்கு ஆண்ட்ராய்டு போன் கொடுத்தனுப்புவதாகச் சொன்னாயாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் கையில் ஏறுமுன்பே பூட்டு போட்டாக வேண்டும். ஏறிய பிறகு போட்டால் தினமும் சண்டைதான். இதற்காகக் காசு கொடுத்து ஆப் எதுவும் வாங்காதே. பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த கூகுள் இலவசமாகத் தருகிற ஃபேமிலி லிங்க் போதும்.

தோஹாவில் இருந்துகொண்டு நீயே எல்லாவற்றையும் நடத்தலாம் என்று மட்டும் நினைக்காதே. இதற்குத் தேவையான கூகுள் குடும்பக் குழுவில் சேருகிறவர், குழுவைத் தொடங்கியவர் இருக்கிற நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஒரு குழுவை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதும் 12 மாதத்துக்கு ஒரு தடவைதான். அவசரப்பட்டு உன் பெயரில் தொடங்கிவிட்டுப் பிறகு முழிக்காதே. மருமகள் பெயரிலேயே தொடங்கட்டும். நேரக் கணக்கையும் பார். அவன் மாலை 5 மணிக்கு அனுமதி கேட்டால் உனக்கு மதியம் 2:30, டியூட்டி நேரம். கேட்டதற்குப் பதிலே வராவிட்டால் பிள்ளை வேறு வழி தேடத்தான் செய்வான்.

போனில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் பேரண்டல் கன்ட்ரோல்ஸ். சில போன்களில் இதே பகுதி டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பெயரோடு சேர்ந்திருக்கும். பிள்ளைக்குப் புதுக் கணக்கு தொடங்கும்போது பிறந்த தேதியை உள்ளபடியே போடச் சொல். கேம் கேட்கிறது என்று வயதைக் கூட்டிப் போட்டால் அது பெரியவர் கணக்காகிவிடும், நம் கண்காணிப்பு இருக்காது. போனில் வேறு கணக்கு எதுவும் இருக்கக் கூடாது. அதனால் நீ அங்கே திறந்து உன் கணக்கைப் போட்டுப் பார்க்காதே, பெட்டி பிரிக்காமல் கொடுத்துவிடு.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்கிற டெய்லி லிமிட்டைக் கிழமைவாரியாக வைக்கலாம். பள்ளி நாளில் 1 மணி நேரம், சனி ஞாயிறு 2 மணி நேரம் என்று ஆரம்பிக்கலாம். டவுன்டைம், அதாவது போன் பூட்டியே இருக்கும் நேரம், இரவு 8:30 முதல் காலை 6:30 வரை. நேரம் முடியப் போகிறது என்று போனே முன்கூட்டிச் சொல்லும். பூட்டிய பிறகும் வருகிற காலை எடுக்கலாம், அவசர எண்ணை அழைக்கலாம். ஒரு நாள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் லிமிட்டைக் கலைக்காமல் போனஸ் டைம் கொடுத்தால் போதும்.

இந்த லிமிட் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. உன் பழைய டேப்பிலும் அவன் கணக்கு இருந்தால், 1 மணி நேரம் 2 மணி நேரமாகும். அதில் கணக்கை எடுத்துவிடு, அல்லது நேரத்தை இரண்டுக்கும் பாதிப் பாதியாக வை. டேட்டாவை அணைத்தால் பூட்டு போய்விடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், போகாது. ஏற்கெனவே போட்டது போனிலேயே இருக்கும், புதிதாக மாற்றியது மட்டும் நெட் வந்தபிறகுதான் போய்ச் சேரும். நெட் இல்லாத நேரத்தில் திறக்க வேண்டியிருந்தால் மருமகள் ஃபேமிலி லிங்க்கில் ஆக்சஸ் கோட் பார்த்து அடிக்கலாம். அந்தக் கோட் மாறிக்கொண்டே இருக்கும், அவன் மனப்பாடம் செய்து பயனில்லை. தேதி, நேரத்தைத் 'தானாக' என்பதில் வை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவரைப் பிடிக்கும். அங்கேயும் நம் நேரம்தான், கடிகாரம் மாறாது. டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வை.

எனக்குப் பெரிய கவலை மருமகள் போன்தான். அனுமதி கேட்டு வருகிற ரிக்வெஸ்ட் அவள் போனுக்குத்தான் வரும். அவள் அடுப்படியில் நிற்கும்போது அந்தப் போனை எடுத்து அவனே 'அப்ரூவ்' அழுத்தினால், இவ்வளவு பாடுபட்டுப் போட்ட பூட்டும் வீண். அவள் போன் செட்டிங்ஸில் கைரேகை இருக்கிற இடத்தைத் திறக்கச் சொல். விரல் 1, விரல் 2 என்று வரிசையாகக் காட்டும். அவள் பதிந்தது இரண்டு விரல் என்றால் மூன்றாவது யாருடையது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவள் விரலை மட்டும் புதிதாகப் பதியட்டும். பின் நம்பர் பிறந்த வருஷமோ படகு நம்பரோ வேண்டாம், வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். யுபிஐ பின்னும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது.

ப்ளே ஸ்டோரில் எதை இறக்கினாலும் அனுமதி கேட்க வேண்டும் என்று வை. ஆனால் பணம் விஷயத்தில் அந்தக் காவல் கூகுள் ப்ளே வழியாகக் கட்டும் பணத்துக்கு மட்டும்தான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கேமுக்கான டைமண்டை வெளி இணையதளத்தில் யுபிஐயில் வாங்கினால் இது தடுக்காது, அதைக் காப்பது யுபிஐ பின்தான். ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் ஏற்ற வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே ஃபைல்களைத் தடுக்க, ஃபேமிலி லிங்க்கில் வெளி ஆப்களுக்கான அனுமதியை மூடு. யூட்யூபுக்கு மேற்பார்வைக் கணக்கில் 9 வயதுக்கு மேல் உள்ள நிலையே அவனுக்குச் சரி. இணையதள வடிகட்டி குரோமில் வேலை செய்யும்; போன் கம்பெனி வைத்திருக்கிற மற்ற பிரவுசரை பிளாக் செய்துவிடு.

இவ்வளவு செய்தும் ஓட்டை இருக்கும் இடம் பெரியவர்கள் போன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுக்குப் போகிற சித்தப்பா, மாமா எல்லாரும் வீட்டில், அவர்கள் போனும் வீட்டில், பிள்ளைகளுக்கோ இடையில் பள்ளி விடுமுறை. 'மாமா, ஒரே ஒரு வீடியோ' என்று வந்து நிற்பான். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், திரையை ஒரே ஆப்பில் நிறுத்திவைக்கிற ஆப் பின்னிங் இருக்கிறது. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் அதை இயக்கி, 'விடுவிக்க பின் கேள்' என்பதையும் இயக்கிவிட்டு, யூட்யூபை மட்டும் திரையில் பின் செய்து கொடுத்தால் ஜிபேவுக்குத் தாவ முடியாது. இந்தக் கேள்வியை இயக்காவிட்டால் சுலபமாக வெளியே வந்துவிடுவான்.

பாப்பாவுக்கு ஐபோன் என்று ஏதோ பேச்சு அடிபட்டது. அதில் இந்த நேரப் பூட்டுக்கு ஸ்க்ரீன் டைம் என்று பெயர். அதன் பாஸ்கோட் வேறு, போன் திறக்கும் பாஸ்கோட் வேறு. நேரம் முடிந்ததும் தடுக்கிற 'பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட்' இயக்காவிட்டால் பூட்டு பெயருக்குத்தான். ஆனால் 7 வயதுக்கு இப்போது எதற்கு என்பது என் எண்ணம்.

எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். போன் வந்து சேர்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு, உனக்கு மாலை 5:30, வீடியோ காலில் பேசிக்கொண்டே நானும் மருமகளும் போட்டுவிடுகிறோம். பெரியவனையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான். உன் அம்மா போனின் பின்னை அதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன், அது அவனுக்கு எப்போதோ தெரிந்துபோய்விட்டது.

அன்புடன்
அப்பா